கிரியை இல்லாதவர்

ஜப்பான்காரர்கள் தோற்ற செய்தி வந்த சில வாரங்களில், சயாம் காட்டில் ரயில் பாதை போட அவர்கள் பிடித்துக்கொண்டு போனவர்களில் மிஞ்சியவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். தோட்டத்தை விட்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த அக்காவின் கணவர் திரும்பவில்லை. கிள்ளான் ரப்பர் தோட்டத்தில் அவரோடு பால் மரம் வெட்டி, சயாமுக்கும் கூடவே போன ஒருவர் வந்தார். காய்ச்சலில் போய்விட்டார், காட்டில் எங்கே புதைத்தார்கள் என்று தெரியாது என்றார்.

எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே இருந்தது வெறும் பலகைச் சுவர். அம்மாவுக்குக் கண் சரியில்லாததால் மாலை ஜெபத்தில் வேதம் வாசிப்பது என் வேலை. அந்த வாரம் வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் முடியப் போகிற அதிகாரங்கள். மரித்தவர்கள் எல்லாரும் வந்து நிற்பார்கள், புத்தகங்கள் திறக்கப்படும், வேறொரு புத்தகமும் திறக்கப்படும், எழுதியிருக்கிற அவரவர் கிரியைகளின்படி தீர்ப்பு உண்டாகும் என்ற பகுதியை வாசித்தேன்.

மறுநாள் காலை குழாயடியில் அக்கா கேட்டார்: "தங்கச்சி, நேத்து படிச்சியே, கிரியைய வச்சித்தான் தீர்ப்பா?"

"ஆமாக்கா."

"கிரியை இல்லாதவங்களுக்கு?"

நான் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் பயின்றவள். ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்து, மலேரியா உண்டு அல்லது இல்லை என்று எழுதுவேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழக்கம்.

"கிரியை இல்லன்னா கஷ்டந்தான்க்கா. தப்ப முடியாது."

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாளி நிரம்பி வழிந்தது. "அவருக்கு யாரு செஞ்சா? கொள்ளி வைக்கக்கூட ஆளில்லாமப் போயிட்டாரே!"

அப்போதுதான் விளங்கியது. அவர் வீட்டில் கிரியை என்றால் செத்தவருக்கு மற்றவர் செய்யும் சடங்கு. எங்கள் வேதத்தில் அது ஒருவர் உயிரோடு இருக்கும்போது செய்தது. இத்தனை வருஷம் வாசித்தும் அந்தச் சொல் பலகைக்கு அந்தப் பக்கம் எப்படிக் கேட்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அதைச் சொன்னேன். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"அப்ப செத்தப்புறம் யாரும் ஒண்ணும் செய்ய வேணாமா? எங்க கிடந்தாலும் கூப்பிடுவாங்களா?"

வீட்டுக்குள் ஓடி வேதத்தை எடுத்து வந்தேன். யார் யார் தங்களிடம் உள்ள மரித்தவர்களை ஒப்புக்கொடுப்பார்கள் என்று அதில் வரிசையாக இருக்கிறது: சமுத்திரம், மரணம், பாதாளம். விரல் வைத்து வாசித்தேன்.

"கடல் இருக்கு. சயாம் காடு இல்லியே?"

நானும் மறுபடி பார்த்தேன். காடு இல்லைதான்.

"மரணம்னு போட்டிருக்குல்லக்கா. காடு அதுல அடக்கம்."

"அடக்கம்னா சரி லா." கொஞ்சம் சமாதானமானது போலிருந்தது. "அந்த இன்னொரு புத்தகத்துல என்ன இருக்கு?"

"ஜீவபுத்தகம். அதுல பேருங்க இருக்கும்."

"பேரு எழுதித்தானே ஜப்பான்காரன் லோரியில ஏத்துனான்!" என்றார் சட்டென்று.

செய்தது எல்லாம் எழுதியிருக்கும்போது பேருக்கென்று தனியாக ஒரு புத்தகம் எதற்கு என்பது எனக்கே சின்ன வயதிலிருந்து உள்ள கேள்வி.

அக்கா தன் கணவர் செய்தவற்றைச் சொல்ல ஆரம்பித்தார். தோட்டத்தில் யாருக்குப் பிரசவம் என்றாலும் சைக்கிளில் போய் மருத்துவச்சியைக் கூட்டி வருவார். அரிசி கிடைக்காத நாட்களில் தன் பங்கு மரவள்ளியையும் பிள்ளைகளுக்கே வைப்பார். சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"கள்ளு குடிச்சிட்டு என்னைய அடிச்சதும் அதுல எழுதியிருக்குமா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "இருக்கும்க்கா."

"நானும் அங்க நிப்பேன்ல?"

"எல்லாரும் நிப்போம்."

"அப்ப சரி. அதை நான் பேசிக்கிறேன்."

வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தத் தீர்ப்பில் பக்கத்தில் நிற்பவர் பேச இடம் உண்டா என்று அன்று மாலை அதே அதிகாரத்தில் தேடினேன். உண்டு என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை.