கேட்டோம் என்று சொன்ன கூட்டம்

1. ஐந்து வேலைகள்

அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒதுக்கியிருந்த வேலைகள் ஐந்து. மேடையில் நாற்காலி போடுவதைக் கவனிப்பது. சலவைப் பட்டறைகளில் எடுத்த தண்ணீர் மாதிரிகளைப் பாட்டில்களில் வரிசையாக வைப்பது. வருகிறவர்களுக்குப் பெயர் அட்டை குத்துவது. முடிவில் வெற்றிலைத் தட்டை எடுத்து வருவது. ஆங்கிலத்தில் பேசுவதைத் தமிழிலும், தமிழில் பேசுவதை ஆங்கிலத்திலும் சொல்வது. முதல் மூன்றில் சொல்ல எதுவுமில்லை. கடைசி இரண்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதுபோன்ற அலுவலகங்களில் இப்போது வேலைக்குச் சேரும் பெண்கள் தெரிந்துகொள்வது நல்லது.

எழுபதுகளின் தொடக்கம். கோயமுத்தூரில் டெக்ஸ்டைல் டிப்ளமா முடித்திருந்தேன். உலக அமைப்பு ஒன்று திருப்பூர் பனியன் தொழிலுக்கு உதவ முன்வந்து, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் அலுவலகம் திறந்தது. அதில் நான் டெக்னிகல் அசிஸ்டென்ட். அவிநாசியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன்.

எங்கள் பிராஜெக்ட் ஒரு பொதுச் சலவைப் பட்டறை. அப்போது ஆளுக்கொரு தொட்டியில் குளோரின் கரைத்துப் பனியன் துணியை வெளுத்து, அந்தத் தண்ணீரை வீதியிலேயே விட்டுவிடுவார்கள். அதற்குப் பதிலாக எல்லாருக்கும் சேர்த்து ஒரே பட்டறை, நல்ல மெஷின்கள், கழிவுத் தண்ணீர் நொய்யலுக்குப் போக ஒரு கால்வாய். திட்டத்தில் குறை சொல்ல முடியாது, ஓர் இடத்தைத் தவிர. வரைபடத்தில் கால்வாய் மண்ணரை என்ற பகுதியின் பொதுக் கிணற்றை ஒட்டிப் போனது.

அங்கிருந்த வளவு, அதாவது குடியிருப்பு, முழுவதும் குடிப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான். பனியன் கம்பெனிகளில் கைமடிக்கும் பெண்கள், அதாவது தையல் மெஷினில் இருந்து வரும் துணியை வாங்கி மடித்துத் தருபவர்கள், கிணற்றுக்காகச் சங்கம் வைத்திருந்தார்கள். ராக்கியம்மாள் தலைவர், நூர்ஜஹான் செயலாளர். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. கால்வாயை ஒரு வயல் அகலம் தள்ளி எடுக்க வேண்டும். நான் நிலத்தின் மட்டம் பார்த்தேன். எடுக்கலாம். நீளம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

2. யார் பேசலாம்

உலக அமைப்பின் விதிப்படி, பணி தொடங்குமுன் உள்ளூர்ச் சங்கங்களின் கருத்தைக் கேட்க வேண்டும். ஆனால் பதிவு பெற்ற சங்கம்தான் பேசலாம். பேச்சை முன்கூட்டியே ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். மற்றவர்கள் பார்வையாளர்கள், நேரமிருந்தால் கடைசியில் பேசலாம். மண்ணரைச் சங்கம் பதிவு பெறாதது.

அலுவலகப் பொறுப்பாளர் சுந்தரேசன் சார் மெட்ராஸ்காரர், கெட்டவர் அல்ல. பெண்களை முதலில் பேச விடலாம் என்று சொன்னேன்.

“ரூலை நான் எழுதலைம்மா,” என்றார். “அது வெளிநாட்டுல எழுதி வந்தது. அதுல மண்ணரைன்னு ஒரு ஊரே கிடையாது.”

இன்னொன்றும் சொன்னேன். வெற்றிலைத் தட்டைக் கூட்டத்தின் முடிவில் நீட்ட வேண்டாம், வரவேற்பில் சந்தனமும் கல்கண்டும் போதும் என்று. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கைப் பேசி முடித்த பிறகுதான் இரண்டு தரப்பும் வெற்றிலை எடுப்பார்கள். எடுத்துவிட்டால் சம்மதம், அதை மறுபடி கிளறக் கூடாது. சார் சிரித்தார். வெற்றிலையில் என்னம்மா பாலிடிக்ஸ் என்றார்.

கூட்டத்துக்கு அழைக்க மண்ணரைக்குப் போனபோது ராக்கியம்மாள் தங்களைப் பேச விடுவார்களா என்று கேட்டார். நேரமிருந்தால் விடுவார்கள் என்றேன்.

“அந்த நேரத்த யாரு கையில வெச்சிருக்கறாங்க அம்மிணி?”

பக்கத்தில் குடத்தை விளக்கிக்கொண்டிருந்த நூர்ஜஹான் தலை நிமிராமல் சொன்னார்: “ஓவர்டைம்னா கம்பெனியில நம்ம நேரத்த எடுத்துக்கறாங்க. இவிய அவிய நேரத்துல ஒரு துண்டு குடுக்க மாட்டாங்களாட்ட இருக்குதுக்கா.”

ஆனாலும் பன்னிரண்டு பேர் வந்தார்கள், அன்றைய கூலியை விட்டுவிட்டு.

3. எப்போது கேட்டார்கள்

கல்யாண மண்டபத்தில் கூட்டம். பெண்களுக்குக் கடைசி வரிசை, சமையற்கட்டு வாசலை ஒட்டி. முதலாளிகள் மின்வெட்டைப் பற்றிப் பேசினார்கள், நூல் விலையைப் பற்றிப் பேசினார்கள், ஒருவருக்கொருவர் நன்றி சொன்னார்கள். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து வந்த குழுத் தலைவர் குறிப்பு எடுத்தார். விமானத்தைப் பிடிக்க அவர் கோயமுத்தூர் போக வேண்டும். கடைசிப் பேச்சாளர் உட்கார்ந்ததும் எழுந்து முடிவுரை சொன்னார். தொழிலதிபர்கள், வியாபாரிகள், இந்தப் பகுதிப் பெண்கள் என எல்லாருடைய கருத்தையும் இன்று கேட்டோம் என்றார்.

அதைத் தமிழில் சொல்வது என் வேலை. பெண்கள் பன்னிரண்டு பேரும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். திருத்தமாக, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன். முன்வரிசை கை தட்டியது.

ராக்கியம்மாள் எழுந்தார். கோபமில்லை. கண்ணயர்ந்து எதையோ தவறவிட்டவர் விசாரிப்பது போல இருந்தது.

“ஏனுங்க அம்மிணி, எப்பங்க கேட்டாங்க? நாங்க காத்தாலயிருந்து இங்கயேதானுங்க உக்காந்திருக்கறோம்.” பக்கத்தில் திரும்பி, “நீ கேட்டியா நூர்ஜானு?”

“எனக்குக் காது நல்லாத்தான் இருக்குதுங்கக்கா.”

சிலர் சிரித்தார்கள். சுந்தரேசன் சார் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். தமிழில் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வதும் என் வேலைதான். சொன்னேன். குழுத் தலைவரின் முகம் சிவந்தது. சார் அவரிடம் நேரத்தை நினைவூட்டினார். அவர்கள் எழுதி அனுப்பலாம் என்றார் தலைவர். அதையும் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. பன்னிரண்டு பேரில் எழுதத் தெரிந்தவர் நூர்ஜஹான் ஒருவர்தான், அதுவும் தமிழில்.

4. தட்டு

வெற்றிலைத் தட்டை நான் எடுத்து வந்தேன். தலைவர் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மேடையிலிருந்து இறங்கி, நேராகக் கடைசி வரிசைக்குப் போனார். அவர் மனதில் அது மன்னிப்புக் கேட்பது. போட்டோகிராபர் பின்னாலேயே ஓடினார்.

ஒரு கையும் நீளவில்லை. பெண்கள் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்கள். தலைவர் தட்டை ஏந்தியபடி நின்றார். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

“குடுக்கறத வேண்டாங்கறது மரியாத இல்லீங்க, அது தெரியுமுங்க,” என்றார் ராக்கியம்மாள். “எடுத்துப்போட்டா ஒத்துக்கிட்டதாயிருமுங்க. கெணத்தப் பத்திப் பேசி முடிக்கட்டும். அப்பறம் நாங்களே வெத்தல வாங்கியாந்து தர்றோம்னு அவருகிட்டச் சொல்லிப்போடு கண்ணு.”

வழக்கத்தையும் சேர்த்து விளக்கிச் சொன்னேன். தலைவர் தட்டைக் காலி நாற்காலி ஒன்றில் வைத்தார். விமானத்தை விட்டுவிடுவதாகவும், மறுநாள் காலையில் கிணற்றுக்கு வருவதாகவும் சொன்னார்.

5. கிணற்றடி

சொன்னபடியே வந்தார். மேடை இல்லை; துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். பெண்கள் முதலில் பேசினார்கள். யார் கிணற்றை எப்போது தூர் வாரினார்கள், கோடையில் எத்தனை வளவு இதை நம்பி நிற்கிறது, கழிவுத் தண்ணீர் பட்டால் கிணறு என்ன ஆகும், எல்லாம் சொன்னார்கள். நான் மட்டம் பார்த்த இடத்தைக் காட்டினேன். அவர் குறுக்கே பேசவே இல்லை. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நூர்ஜஹான்கூட, வெற்றிலைக்குச் சந்தைக்கே போய்விடலாம் போலிருக்கிறதே என்று கேலி செய்தார்.

பிறகு அவர், கூட வந்திருந்த சுந்தரேசன் சார் பக்கம் திரும்பி, கால்வாயை மாற்ற முடியுமா என்று கேட்டார். சார் தரையைப் பார்த்தபடி பதில் சொன்னார். கான்ட்ராக்ட் ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டது. பணி தொடங்குமுன் கருத்துக் கேட்க வேண்டும் என்றுதான் விதி. கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டும் என்று அதில் இல்லை. மாற்றினால் மொத்த உதவியும் மறுபடி வெளிநாட்டில் அனுமதிக்குப் போகும். முதலாளிகள் சங்கம் அதற்கு ஒப்பாது.

எனக்கு அது அப்போதுதான் தெரியும். தெரிந்த அதே நிமிடத்தில் அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. மண்டபத்தில் சொன்ன பொய் ஒரு வாக்கியம், இது உண்மை. உண்மையைச் சொல்லத்தான் அதிகம் கூசியது. கூட்டத்துக்கு அவர்களை வீடு வீடாகப் போய் அழைத்தவள் நான்.

“அப்ப எதுக்குங்க எங்களக் கூப்பிட்டீங்க?” என்றார் நூர்ஜஹான்.

அதை நான் ஆங்கிலத்தில் சொல்லவில்லை. தலைவருக்குப் புரிந்துவிட்டது.

ராக்கியம்மாள் கிணற்றில் சேந்தி ஒரு சொம்பு தண்ணீரை என்னிடம் நீட்டினார். “நீ எதுக்குக் கண்ணு தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்கற? வெயிலு ஏறுது. குடி.”

குடித்தேன். உப்பில்லாத நல்ல தண்ணீர்.

6. திருப்பூர் முறை

ஊருக்குத் திரும்பிய தலைவர், சங்கங்களுடன் எப்படிக் கலந்து பேச வேண்டும் என்று குறிப்பு கேட்டு எழுதினார். நான் தனியாக எழுதவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து ராக்கியம்மாள், நூர்ஜஹான், நான் மூன்று பேரும் சேர்ந்து எழுதினோம். கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டும். அவர்கள் இடத்துக்குப் போய், அவர்கள் மொழியில் கேட்க வேண்டும். பாதிக்கப்படுகிறவர் முதலில் பேச வேண்டும், மேடைக்காரர் கடைசியில். பதிவு இருக்கிறதா என்று வாசலில் நிறுத்தக் கூடாது. கேட்டதற்கு என்ன செய்தோம் என்று திரும்பி வந்து சொல்ல வேண்டும். பெரும்பாலானவற்றை உலக அமைப்பு ஏற்றுக்கொண்டது. ஏற்றதாக வந்த கடிதத்தைக் காட்டிச் சார் எனக்குக் காபி வாங்கித் தந்தார்.

கால்வாய் வரைபடத்தில் இருந்தபடியே வந்தது. இரண்டு கோடைக்குள் கிணற்றில் குளோரின் வாடை. இப்போது அங்கே லாரித் தண்ணீர்.

போன வருடம் கடற்கரை ஊர் ஒன்றில் அதே அமைப்பின் கூட்டத்துக்கு என் இப்போதைய அலுவலகத்திலிருந்து என்னை அனுப்பினார்கள். மீனவப் பெண்கள் முதலில் பேசினார்கள். அவர்கள் மறுத்ததால் கடல் தடுப்புச் சுவர் கட்டும் இடமே மாறியது. இதற்குத் திருப்பூர் முறை என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று அதிகாரி ஒருவர் பெருமையாகச் சொன்னார். எனக்குக் கை தட்ட வரவில்லை.

திரும்பி வந்து ராக்கியம்மாளிடம் சொன்னேன். அவர் லாரிக்காக வரிசையில் குடம் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

“நல்லதுங்க,” என்றார். “அவிய வெத்தல எடுத்துக்கிட்டாங்களா?”

எடுத்துக்கொண்டார்கள் என்றேன்.

“செரி, அவிய பேச்சு முடிஞ்சுது.” குடத்தைக் காலால் ஓர் அடி முன்னால் நகர்த்தினார். “நாங்க இன்னும் எடுக்கலீன்னு உங்க ஆபீசுல சொல்லி வை கண்ணு.”

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவரைக் கூட்டத்துக்கு அழைக்கப் போகும் முன், அவர் வேண்டாம் என்று சொன்னால் எதை மாற்றுவீர்கள் என்று உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள். எதையும் இல்லை என்றால், அழைக்கப் போகாதீர்கள். நான் அதைக் கேட்காமல் போனேன். அலுவலகம் மாறி விட்டேன். சார் சொன்ன பதிலை நானேதான் அவர்களிடம் சொன்னேன் என்பது மாறவில்லை. ராக்கியம்மாள் சொன்னதை ஒவ்வொரு வருடமும் அமைப்புக்கு எழுதுகிறேன். மண்ணரையில் வெற்றிலை இன்னும் எடுக்கப்படவில்லை.