ஐந்து வோல்ட் எங்கே போனது?

"கம்பியைக் கழற்றினால் ஐந்து வோல்ட், மாட்டினால் இரண்டு." 2003 ஜூனில், பழுது பார்க்கப் போன இடத்தில் நான் எழுதிய குறிப்பு இது.

இலங்கை மலையகத்தின் பூண்டுலோயாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்து வாட்டும் விசிறியைக் கணினி இயக்க வேண்டும். அது அனுப்பும் ஐந்து வோல்ட்டில் ரிலே என்ற மின்சுவிட்ச் இயங்கினால் விசிறி ஓடும். அன்று ஓடவில்லை. மேல்மாடியில் கொழுந்து சூடேறிக்கொண்டிருந்தது.

"கெட்டுப்போச்சுன்னா தொர என்னையத்தான் ஏசுவாரு, தம்பி," என்றார் தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர்.

வழியில் எதுவோ மின்சாரத்தை இழுக்கிறது. கம்பியோடே நடந்தேன். அதன் ஒரு கிளை, மாரியம்மன் படத்தின் குட்டி பல்பில் முடிந்தது.

"வெசிறி ஓடுறப்ப ஆத்தாளுக்கும் வெளிச்சம் வரட்டும்னு யாராச்சும் குடுத்திருப்பாங்க," என்றார்.

பல்பைக் கழற்றினேன். விசிறி சுற்றியது. ஆத்தாளுக்குத் தனி இணைப்புக் கொடுத்தேன்.

அதன்பின் வோல்ட் குறைந்தால், அதில் யாருடைய ஆசை தொங்குகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். அந்த 'யாராச்சும்' டீமேக்கர்தானா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.