தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் உகுலேலே

அன்று காலை ஓட்டல் உணவுக்கூடத்தில் இருந்தவர்கள்: ஜன்னல் ஓரம் ஒரு ஜப்பான்காரத் தம்பதி. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மொட்டைத்தலை வெள்ளைக்காரர். கல்யாணத்துக்கு வந்த பஞ்சாபிக் குடும்பம், ஏழு பேர். மேனேஜர் மல்ஹோத்ரா. தோசை சுடும் சுனில். அவன் பக்கத்தில் பூப்போட்ட சட்டையும் உகுலேலேயுமாக நான்.

பஞ்சாபிக் குடும்பத்து அம்மாள் தட்டை என்னிடம் நீட்டினார். "பையா, ஒரு மசாலா. நல்லா முறுகலா." சுனிலைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். தினமும் நடப்பதுதான். தோசை சுடுகிறவன் பிகார்க்காரன். வாசிக்கிறவன் தூத்துக்குடிக்காரன். மேனேஜருக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்ததுதான் சவுத் இந்தியன் கார்னர். டெல்லி முழுக்க நமக்கு இப்படி ஒரு மூலை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நின்று பழகிவிட்டது. ஊருக்கு ஒரு போட்டோ அனுப்பினேன். தங்கச்சி போனில் கேட்டாள், "தோசை சுடுததுக்கா அண்ணே அம்புட்டுத் தூரம் போனிய?"

நான் படித்தது எட்டு வரை. ஊரில் கல்யாண மேடைகளில் கிடார் வாசித்தேன். டெல்லிக்கு வந்ததும் வாசிப்பு கிடைக்கவில்லை. ஓக்லா தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் மிஷினில் நின்றேன். அது இடது கையில் சுண்டுவிரல் நுனியை எடுத்துக்கொண்டது. கிடார் அதோடு முடிந்தது. இரண்டு வருஷம் கழித்து, தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெளிநாட்டுப் பெண் இந்த உகுலேலேயை எனக்கு விற்றுவிட்டுப் போனாள். தீவுக்காரர்கள் வாத்தியம், கிடாரின் குட்டி மாதிரி இருக்கும். நாலே கம்பி. மிச்சம் இருந்த விரல்களுக்கு அது போதும். இதன் கழுத்து ஒடுக்கம். கடைகளில் பத்துப் பதினைந்து எடுத்துப் பார்த்துவிட்டேன். என் கைக்கு ஒத்து வந்தது இது ஒன்றுதான்.

தோசைக்கல் இதற்கு ஆகாது. சூட்டில் நைலான் கம்பி தளரும், சுதி இறங்கும். மூணாவது பாட்டில் எனக்குக் காது கூசும். சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. சுதியாவது திருப்பிக்கொள்ளலாம். கம்பிகளை அடியில் பிடித்திருக்கும் கட்டை, பிரிட்ஜ் என்போம், அதன் பசை ஆவியில் இளக ஆரம்பித்திருந்தது. அது பிய்ந்தால் பலகையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். அப்புறம் வாசிக்க எனக்கு ஒன்றும் இல்லை. மறுபடி மிஷின்தான்.

மல்ஹோத்ராவிடம் போனேன். எனக்குத் தெரிந்த இந்தியில், இங்கே சூடு, ஜன்னல் பக்கம் நிற்கட்டுமா என்றேன். "அச்சா, வேர்க்குதா?" என்றார். மறுநாள் எனக்குப் பின்னால் ஒரு ஃபேன் நின்றது. முன்னால் ஆவி, பின்னால் காற்று. சுதி இன்னும் மோசம். அடுத்த வாரம் பிரிட்ஜைக் காட்டினேன். பில் தாளில் ஒரு துண்டு கிழித்து அதன் அடியில் விட்டேன். பாதி உள்ளே போனது. அவர் குனிந்து பார்த்தார். "கோந்து போட்டு ஒட்டுப்பா" என்றார். நல்ல மனுஷன்தான்.

பிறகு நான் கேட்கவில்லை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் தாளை விட்டுப் பார்ப்பேன். அன்று காலை மூணாவது பாட்டுக்குப் பிறகு தாள் முக்கால்வாசி உள்ளே போனது. சுனில் பார்த்துக்கொண்டிருந்தான். கரண்டியை வைத்துவிட்டு மல்ஹோத்ராவிடம் நடந்தான்.

"சார், இந்த மதராசியை இங்கேருந்து நகர்த்துங்க. அந்த அம்மா தட்டை இவன்கிட்ட நீட்டிட்டு நிக்கிறாங்க. க்யூ நகரமாட்டேங்குது. இந்த டொய்ங் டொய்ங்ல எனக்கே தோசை கருகுது."

மல்ஹோத்ரா க்யூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீ ஜல்தியா ஜன்னல் பக்கம் போ."

நான் உகுலேலேயை எடுத்துக்கொண்டு போனேன். தாண்டும்போது சுனில் தலை நிமிராமல், "டொய்ங் டொய்ங்னது மேனேஜருக்காக" என்றான்.

"தெரியும்" என்றேன்.

ஜன்னல் பக்கம் குளிர்ச்சி. பிரிட்ஜை இழுக்காமல் இருக்கக் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி வாசித்தேன். நாலு பாட்டுக்குச் சுதி நின்றது. தாள் அதற்கு மேல் போகவில்லை. ஜப்பான்கார அம்மாள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அப்புறம் இங்கிலீஷில், எந்த ஊர் என்றார். தூத்துக்குடி என்றேன். அழகான தீவா என்று கேட்டார். சட்டையைப் பார்த்துத்தான் கேட்டிருப்பார். கடல் இருக்கிறது என்றேன்.

அந்தப் பக்கம் பஞ்சாபி அம்மாள் சுனிலிடம், "நீங்க மதராசியா?" என்றார்.

"ஹான் ஜி" என்று தலையாட்டினான் சுனில்.

கூட்டம் ஓய்ந்தது. சுனில் தினமும் கடைசி மாவில் எனக்கு ஒரு தோசை ஊற்றி ஓரத்தில் வைப்பான். முன்பெல்லாம் நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும். அன்றும் வைத்திருந்தான். உகுலேலேயை ஜன்னல் ஓரத்திலேயே வைத்துவிட்டு அதை எடுக்கப் போனேன். போகும்போது ஒவ்வொரு எட்டாக எண்ணினேன்.

பதினாலு எட்டு.