செயலாளர் ஊடாக

வீரருக்கும் கழகத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் மூன்று பிரதிகளில் கையொப்பமிடப்பட வேண்டும். ஒன்று வீரரிடம், ஒன்று கழகத்திடம், ஒன்று கொழும்பிலுள்ள சம்மேளனத் தலைமையகத்திடம் இருக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்த வீரர், பழைய கழகத்தின் சம்மதம் இல்லாமலே தாம் விரும்பிய கழகத்தில் சேரலாம். உதைபந்தாட்ட வீரர்களின் பதிவு பற்றிய விதிகளில் இப்படித்தான் இருக்கிறது. நான் அதை மூன்று மொழிகளிலும் வாசித்தேன். மூன்றும் ஒரே விடயத்தைச் சொல்கின்றன. இந்த நாட்டில் இது அடிக்கடி நடப்பதில்லை.

உதைபந்தாட்டத்தில் எனக்கு ஈடுபாடு கிடையாது. ஒரு பந்துக்கு இருபத்திரண்டு பேர் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கும் விவகாரம் என்பதே என் அபிப்பிராயம். நான் முப்பத்து நான்கு வருடம் துறைமுகத்தை ஒட்டிய அரச அலுவலகமொன்றில் இருந்து, நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவன். என் மேசையிலிருந்து பார்த்தால் உள்துறைமுகம் முழுவதும் தெரியும் என்று வருகிறவர்கள் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை; மேசையில் எப்போதும் கடிதக் கோவைகள் இருந்தன. இந்த விதிகளை வாசிக்க நேர்ந்தது என் மருமகனால்.

மகளின் கணவர் சல்லி என்ற மீனவக் கிராமத்தைச் சேர்ந்தவர். அண்ணன்மார் இருவரும் கடலுக்குப் போகிறவர்கள்; இவர் பந்துக்குப் போனார். எங்கள் நகரக் கழகமொன்றில் பின்கள ஆட்டக்காரர். வயது முப்பத்தொன்று. அந்தத் தொழிலில் அது என் தொழிலின் ஐம்பத்தொன்பதுக்குச் சமம் என்று அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கழகத் தலைவர் நகரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் முதலாளி. நல்ல மனிதர்; அதுதான் சிக்கல். ஒப்பந்தத்தில் மாதச் சம்பளம் என்று எழுதியிருந்தாலும், அந்தச் சொல் அவருக்குப் பிடிப்பதில்லை. மாரிக்கு முன் மகளின் வீட்டுக்குக் கூரைத் தகரம் வந்தது. அறையொன்று கூட்டிக் கட்டியபோது சீமெந்து வந்தது. சம்பளத்தைப் பற்றி யாராவது வாயெடுத்தால் அடுத்த நாள் கதவுப் பிணைச்சல் வரும். மருமகன் நிமிர்ந்து பார்த்தால் முதலாளியின் தகரம். கீழே பார்த்தால் முதலாளியின் சீமெந்து. இடையில் நின்று உரிமை பேசுவது எப்படி?

ஜனவரித் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என் விறாந்தைக்கு வந்து, கதிரையின் விளிம்பில் அமர்ந்தார்.

“மாமா, மாலைதீவில இருந்து ஒரு கழகம் கேக்குது.”

கைப்பேசியை நீட்டினார். ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம், தங்குமிடம், சாப்பாடு, ஒவ்வொரு மாதமும் வங்கியில் சம்பளம். வீரர்களைப் பதியும் காலம் பெப்ரவரி இருபத்தெட்டுடன் முடிகிறது. அதற்கு முன் அவர்களுக்கு ஒரு தாள் தேவை. பழைய கழகம் விடுவிக்கிறது என்றோ, இவரை எந்த ஒப்பந்தமும் கட்டுப்படுத்தவில்லை என்று தலைமையகம் சொல்கிறது என்றோ அதில் இருக்க வேண்டும்.

“உங்கட ஒப்பந்தம் எங்க?” என்று கேட்டேன்.

“கழகத்து அலுமாரிக்குள்ள.”

“உங்கட பிரதி?”

“அப்பிடி ஒண்டு இருக்கெண்டு இப்பதான் கேள்விப்படுறன்.”

“எத்தினை வருஷத்துக்குக் கையெழுத்து வைச்சனீங்கள்?”

“ரெண்டு எண்டுதான் சொன்னவை. டிசம்பரோட முடிஞ்சிருக்க வேணும். கடையில சீமெந்து மூட்டைக்கு மேல வைச்சுத்தான் நீட்டினவை. பயிற்சி முடிஞ்ச வியர்வை, தாள் நனைஞ்சு போயிடுமெண்டு கெதியா வைச்சிட்டன்.”

“கலியாணப் பதிவிலயும் அப்பிடித்தான் அப்பா,” என்று குசினிக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது. “வாசிச்சே பாக்கேல்ல.”

மருமகன் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, “இது போனா இனி ஒருத்தரும் கேக்க மாட்டினம் மாமா,” என்றார். நான் விதிகளைத் தேடி எடுத்தது அன்று மாலை.

அடுத்த நாள் இருவரும் கடைக்குப் போனோம். முதலாளி எனக்குக் கதிரையும் இஞ்சித் தேநீரும் தந்தார்.

“ஐயா, உங்களுக்குத் தெரியாததோ? இவன் எங்கட பிள்ளை. பிள்ளைக்கும் தகப்பனுக்கும் என்ன ஒப்பந்தம்?”

“அப்ப தகப்பனே ஒரு விடுவிப்புக் கடிதம் தரலாமே,” என்றேன்.

“பிள்ளையை ஆர் ஐயா விடுவிக்கிறது?”

சொல்லிவிட்டு மருமகனின் தோளில் தட்டினார். “வீட்டுக் கூரை ஒழுகுதோடா?”

“இல்லை முதலாளி,” என்றார் மருமகன், நிலத்தைப் பார்த்து. களத்தில் யாருக்கும் வழி விடாத மனிதர் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

கழகச் செயலாளர் கடையின் பின்பக்கம் ஒரு சிறு மேசையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். பல வருடங்களுக்கு முன் என் கிளையில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவர்; அவருக்குக் கடிதம் எழுதப் பழக்கியவன் நான். அலுமாரித் திறப்பு முதலாளியிடம் இருப்பதாகவும், ஒப்பந்தம் இரண்டு வருடமோ மூன்று வருடமோ என்று தனக்குச் சரியாக நினைவில்லை என்றும் சொன்னார். பிறகு தாழ்ந்த குரலில், “எழுத்தில தாங்கோ ஐயா. எழுத்தில வந்தா நான் செய்துதான் ஆகவேணும்,” என்றார். என்னிடம் கற்ற வாசகம். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அன்று பிற்பகல் எழுதினேன். தலைமையகத்துக்கு, மருமகனின் பெயரில், ஒரு பக்கம், இரண்டு இணைப்புகள். இவ்வீரரின் ஒப்பந்தம் முடிவடைந்துவிட்டது என்பதைத் தங்களிடமுள்ள பிரதியைப் பார்த்து உறுதிப்படுத்தவும். அவ்வளவுதான். மகள் என் தோளுக்கு மேலால் வாசித்தாள்.

“அப்பா, இதைப் படமெடுத்து மின்னஞ்சலில நேரா அனுப்பினா இண்டைக்கே போயிடும்.”

“ஒழுங்கொண்டு இருக்கு.”

“நீங்கள் இன்னும் கந்தோரிலதான் இருக்கிறியள்.”

முகவரிக்குக் கீழே, இடப்பக்கத்தில், கோடிட்டு எழுதினேன்: கழகச் செயலாளர் ஊடாக.

அரச சேவையில் இல்லாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். ஓர் உத்தியோகத்தர் மேலிடத்துக்கு நேரடியாக எழுதக்கூடாது. தன் மேலதிகாரி ஊடாகவே எழுத வேண்டும். மேலதிகாரி தம் அவதானிப்பை ஓரத்தில் எழுதி மேலே அனுப்புவார். ஊடாக வராத கடிதங்களை என் காலத்தில் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், சிலவற்றைத் திறக்காமலே. ஆனால் மருமகன் உத்தியோகத்தர் அல்ல. அவருடைய ஒப்பந்தம் முடிந்திருந்தால் செயலாளர் அவருக்கு யாருமல்ல. விதிகளில் ஊடாக என்ற சொல்லே கிடையாது. நான்தான் மூன்று மொழியிலும் வாசித்தவன் ஆயிற்றே. இருந்தும் கை எழுதியது. சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டுவது போல எழுதியது.

மருமகன் கடிதத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, என் பிரதியில் கழக முத்திரையும் வாங்கி வந்தார். முத்திரை நேராக விழுந்திருந்தது. கோவையொன்று திறந்து அதில் முதலாவதாக வைத்தேன்.

ஜனவரி போயிற்று. மருமகன் வழக்கம்போலப் பயிற்சிக்குப் போனார்; போகாவிட்டால் ஒழுங்கீனம் என்று எழுதிவிடுவார்கள் என்று நான்தான் போகச் சொன்னேன். மாலையில் நானும் மைதானத்துக்குப் போய்ச் செயலாளரைப் பார்ப்பேன். எங்கள் நகருக்குள் திரியும் மான்கள் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். பயிற்றுநர் விசில் ஊதினால் ஆட்டக்காரர்கள் நிற்பார்கள், மான்கள் நிற்பதில்லை.

“கடிதம் மேல போயிட்டுதோ?” என்பேன்.

“செயற்குழுவுக்கு வைக்க வேணும் ஐயா. போன கிழமை ஆக்கள் காணாது, கூட்டம் நடக்கேல்ல.”

“குழு எதுக்கு? மேல அனுப்புறதுதானே உங்கட வேலை.”

“அவதானிப்பு எழுதாமல் எப்பிடி அனுப்புறது? ஊடாக எண்டு போட்டிருக்கு.” குரலில் கேலி எதுவும் இல்லை. “அவதானிப்பு இல்லாமல் அனுப்பினா உனக்கும் தபால்காரனுக்கும் என்ன வித்தியாசம் எண்டு ஐயாதானே அப்ப ஏசினனீங்கள்.”

ஏசியது உண்மை. எந்தக் கடிதத்துக்காக என்பதுகூட நினைவிருக்கிறது.

பெப்ரவரி பத்தாம் திகதி தலைமையகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மூன்று பேரைத் தாண்டி உரிய பெண் உத்தியோகத்தர் கிடைத்தார். தமிழில்தான் பேசினார். அப்படி ஒரு கடிதம் வரவில்லை என்றார். நேரே அனுப்பியிருந்தால் இரண்டு நாளில் பதில் தந்திருக்கலாமே என்றும் சொன்னார். அன்றே மகள் புதிய கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினாள். இம்முறை ஊடாக இல்லை. ஆனால் ஒரே விடயத்தில் இரண்டாவது முறை எழுதும்போது முதலாவதைக் குறிப்பிடாமல் விடுவது ஒழுங்கல்ல. ஆகவே, கழகச் செயலாளர் ஊடாக ஏற்கனவே அனுப்பப்பட்ட கடிதத்துக்கு மேலதிகமாக, என்று முதல் வரியிலேயே குறிப்பிட்டேன். முத்திரை விழுந்த பிரதியையும் இணைத்தேன். அதில்தான் எனக்கு எவ்வளவு பெருமை!

நான்கு நாள் கழித்து மீண்டும் எடுத்தபோது அதே பெண் சொன்னார்:

“ஐயா, முதல் கடிதம் கழகத்தில நிலுவையில இருக்கெண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள். அது அவதானிப்போட வரட்டும். ஒரே விடயத்துக்கு ரெண்டு கோவை திறக்க எங்களுக்கு ஏலாது.”

“பதிவுக் காலம் இருபத்தெட்டோட முடியுது, பிள்ளை.”

“எனக்கு விளங்குது ஐயா.”

அவருக்கு விளங்கியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் கதிரையில் நான் இருந்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். அந்தப் பெண்ணைப் போல மரியாதையாகச் சொல்லியிருக்க மாட்டேன். தொலைபேசியை வைத்துவிட்டு வேறு யாருக்கு எழுதலாம் என்று யோசித்தேன். எழுதக்கூடிய ஏழு இடங்கள் எனக்குத் தெரியும். ஏழும் எனக்குப் பதில் எழுதமாட்டா, கழகத்திடம் அவதானிப்புக் கேட்கும் என்பதும் தெரியும். நடைமுறை தெரிந்தவனுக்குக் கிடைக்கும் ஒரே சலுகை, கதவு பூட்டியிருக்கிறது என்பதைப் போய்த் தட்டாமலே அறிந்துகொள்வதுதான்.

இருபத்தெட்டாம் திகதி மருமகன் பகல் முழுவதும் விறாந்தையில் இருந்தார். கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தார். நான் பத்திரிகை வாசிப்பதாகப் பாவனை செய்தேன். நாலு மணிக்குச் செய்தி வந்தது. வேறொரு பின்கள ஆட்டக்காரரைப் பதிந்துவிட்டார்களாம். அடுத்த முறை பார்க்கலாமாம். கடைசியில் கைகூப்பிய படம்.

“பறவாயில்லை மாமா,” என்றார். “நீங்கள் இல்லாட்டி இவ்வளவும் செய்ய எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். அவள் அவருக்குத் தேநீர் ஊற்றப் போனாள். எனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை.

மார்ச்சில் சீனன்குடாவில் காவல் வேலை இருப்பதாக யாரோ சொன்னார்கள். மருமகன் போய் விசாரித்தார். பந்தடித்துக் காயப்பட்ட முழங்காலைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த கிழமை முதலாளி ஆளனுப்பினார். இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் போடலாம் என்றார். முப்பத்தொரு வயதுக்காரருக்கு இரண்டு வருடம் கொடுப்பது அவருடைய பெருந்தன்மை என்று கடையிலிருந்த எல்லோரும் சொன்னார்கள். பொய்யல்ல. ஆனால் இரண்டு வருடம் முடியும்போது முப்பத்து மூன்று.

இம்முறை நானும் போனேன். சீமெந்து மூட்டையில் வைக்க விடவில்லை, மேசை கேட்டேன். மருமகன் முழுவதையும் வாசித்தார். மூன்று பிரதிகள். ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம். சாட்சியாக நானும் வைத்தேன். செயலாளர் மருமகனின் பிரதியை உறையிலிட்டு, இரு கையாலும் நீட்டினார்.

“ஐயா வந்தா எல்லாம் ஒழுங்குதான்,” என்றார் முதலாளி.

வெளியே வந்ததும் செயலாளர் பின்னால் ஓடி வந்தார். முகத்தில் நல்ல செய்தி கொண்டு வருகிறவரின் வெளிச்சம்.

“சொல்ல மறந்துபோனன் ஐயா. முந்தநாள் குழு கூடினது. உங்கட பழைய கடிதத்தை மேல அனுப்பிட்டன். ஆட்சேபணை இல்லை எண்டு அவதானிப்பும் எழுதினனான்.”

நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது?

பதில் பதிவுத் தபாலில் வந்தது. மூன்று வரிகள். எம்மிடமுள்ள பிரதியின்படி மேற்படி வீரரின் ஒப்பந்தம் கடந்த டிசம்பர் முப்பத்தோராம் திகதியுடன் முடிவடைந்துள்ளது. அன்றுமுதல் அவர் எக்கழகத்திலும் சேரலாம். இதற்கென எவருடைய சம்மதமோ, எவர் ஊடாகவும் விண்ணப்பிப்பதோ தேவைப்பட்டிருக்கவில்லை. கீழே, பிரதி கழகச் செயலாளருக்கு.

மருமகன் பயிற்சிக்குப் போயிருந்தார். நான் பேனாவை எடுத்து, கிடைத்த கடிதமொன்றுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். மேல் வலது மூலையில் எழுதினேன்: கிடைத்தது, ஏப்ரல் 17.