கெக்குண மரத்துக்குக் கிடைத்த தண்டனை

1. பங்களாச் சமையல்காரர், அக்ரோட்டுக்குப் பதிலாகக் கெக்குணப் பருப்பை வறுக்காமல் கேக்கில் போட்டார்.
2. துரையின் விருந்தாளிகளுக்கு விடிய விடிய வயிற்றால் போனது.
3. துரை மரத்தை வெட்டச் சொன்னார்.

இன்று கண்டியில் நான் வேலை செய்யும் மருந்தறையில், பேதிக்குக் கொடுக்கும் கெக்குண எண்ணெய்ப் போத்தல் ஒன்றைத் திறந்தேன். அந்த வாசனையில் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளும், மாவு தூவியதுபோல் இலை வெளிறிய அந்த மரமும், அதனடியில் கல்லால் ஓடு உடைக்கும் சத்தமும், தேங்காய் இல்லாத நாட்களில் பருப்பை வறுத்து அரைத்து அம்மா வைக்கும் குழம்பும், மழைக்காலத்தில் அவர் முழங்காலில் வாட்டிக் கட்டும் இலையின் சூடும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, கூடவே கோபமும் வந்தது.

அன்று மரம் வெட்டும் சத்தம் கேட்டு அம்மா ஓடினார். சமையல்காரர் அங்கேதான் நின்றார்.

"பச்சையாத் தின்னா வயித்தப் புடுங்கும்னு லயத்துல பொடிசுக்குக்கூடத் தெரியுமே! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, அப்பு?"

"தொரை வீட்டுக் கேக்குக்கு லயத்துக்காரிக்கிட்ட பக்குவம் கேக்கவா?" என்றார் அவர்.

வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மரம் நின்ற இடத்தில் இப்போது தேயிலை இருக்கிறது. சமையல்காரர் பங்களாவிலேயே இருக்கிறார். அம்மா முழங்காலைக் கையால் அழுத்தியபடி மலையேறிக் கொழுந்து பறிக்கிறார். வாட்டிக் கட்ட இலை இல்லை.