கடையில் இல்லாத நாலாவது எஞ்சின்

அண்ணா லண்டனுக்குப் போனபோது இரண்டு சாமான்களை விட்டுவிட்டுப் போனான். ஒன்று அவனுடைய கொம்பியூட்டர், மற்றது நான். இரண்டையும் என்ன செய்வது என்று வீட்டில் கூடிக் கதைத்தார்கள். என்னைப் பற்றிய முடிவு ஒரு தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் வந்துவிட்டது: எக்கவுண்டன்சி. கொழும்பில், வெள்ளவத்தையில், அந்த நாட்களில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நின்ற பிள்ளைக்கு வேறு என்ன சொல்வார்கள்? எங்கள் பெருந்தெருவான காலி வீதியில் தடுக்கி விழுந்தால் ஒரு எக்கவுண்டன்சி வகுப்பின் படியில்தான் விழ வேண்டும். கொம்பியூட்டரைப் பற்றி அண்ணாவே தொலைபேசியில் சொல்லிவிட்டான். “வித்துப்போடுங்கோ அப்பா. அவளுக்கு என்னத்துக்கு?”

என்னத்துக்கா? எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. கொம்பியூட்டர் படிக்க விருப்பம் என்று வீட்டில் இரண்டு தரம் வாய் திறந்திருந்தேன். முதல் தரம் அம்மா “பாப்பம்” என்றா. அடுத்த தரம் அப்பா “பாப்பம்” என்றார். எங்கள் வீட்டில் “பாப்பம்” என்றால் அந்தக் கதை அத்தோடு முடிந்தது என்று அர்த்தம். தெஹிவளையில் டியூஷன் நடத்தும் ஒரு மாஸ்டர் வந்து பெட்டியைப் பார்த்தார், பிடித்துக்கொண்டது, மாத முடிவில் ஒரு திங்கட்கிழமை வந்து எடுப்பதாகச் சொன்னார். போகும்போது திரையை விரலால் தட்டிப் பார்த்தார், தேங்காய் தட்டுவது போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சண்டை நடந்த காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். ஒழுங்கை தொடங்கும் இடத்தில் மண்மூட்டைகள் அடுக்கிய காவலரண். போகும்போதும் ஆமிக்காரர்கள் மறிப்பார்கள், வரும்போதும் மறிப்பார்கள். அங்கே அப்பாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. “கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. கூட ஒரு சொல்லும் வேண்டாம்.” மீன் வாங்கப் போனால் மீன்காரனின் பேரப்பிள்ளை வரைக்கும் விசாரிக்கிற மனிதர், காவலரணுக்கு முன்னால் ஊமையாகிவிடுவார். ஒரு நாள் அம்மா பையைத் திறந்து காட்டும்போது, வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், அதுதான் இவ்வளவு மீன் என்று சொல்லிவிட்டா. வந்த ஆட்கள் சாப்பிட்டு எழும்பிப் போகும் வரைக்கும் அப்பா அம்மாவுடன் கதைக்கவில்லை. “ஆர் வருகினம், எங்கையிருந்து வருகினம் எண்டு அவன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?” என்று பிறகு வெடித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த நாட்களில் கூடக் கதைத்து மாட்டிக்கொண்டவர்கள் இருந்தார்கள்.

இனி அண்ணாவின் கொம்பியூட்டரில் இருந்த விளையாட்டு. கார் ஓட்டப் போட்டி. அண்ணா இருந்தவரைக்கும் அவனும் சிநேகிதர்களும் கதிரையை விட்டு எழும்பவே மாட்டார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு அவர்களின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பேன். அவன் போன பிறகு கதிரை எனக்கு. போட்டியில் வென்றால் விளையாட்டுக்குள்ளேயே ஒரு கராஜ் இருக்கும், அங்கே போய்க் காருக்குப் புதிய ரயர், பிறேக், எஞ்சின் எல்லாம் மாற்றலாம். எஞ்சினில் மூன்று தரம். மூன்றாவதைப் போட்டால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. என்னிடம் இருந்தது ஒரு வெள்ளைக் குட்டிக் கார், காலி வீதியில் ஓடுகிற வாடகைக் கார் மாதிரி. கடைசிப் போட்டியில் ஒரு சிவப்புக் கார் வரும். அதை முந்த அண்ணாவாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

விளையாட்டு இருந்த சீடி புறக்கோட்டை நடைபாதையில் வாங்கியது. அதை வெட்டின சீடி என்போம். ஒரு சீடிக்குள் அடக்குவதற்காகப் பாட்டையும் படக்காட்சிகளையும் வெட்டிவிட்டு, கள்ளமாக விற்பார்கள். எங்கள் எல்லோரிடமும் அதுதான். அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டியிருந்தது. விளையாட்டில் எது குறைந்தாலும், “அது வெட்டுப்பட்டுப் போச்சு, ஒரிஜினல்ல இருக்கும்” என்போம். ஒரிஜினல் எங்கே இருக்கும்? லண்டனில் இருக்கும், கனடாவில் இருக்கும். முழுசு எல்லாம் அங்கே, மிச்சம் இங்கே என்று எல்லோரும் நம்பினோம்.

அந்தச் சீடிக்குள், விளையாட்டை வெட்டியவர்கள் மறந்து விட்டுப்போன ஒரு சின்ன புரோகிராமும் கிடந்தது. எந்தக் கோப்பையும் அதைக் கொண்டு திறந்தால், உள்ளே இருக்கும் எண்களையும் எழுத்துக்களையும் அப்படியே காட்டும். மாஸ்டர் வந்து தட்டிவிட்டுப் போன ஆத்திரத்தில், இருக்கிற நாட்களுக்குள் இந்தப் பெட்டியின் குடலையே பார்த்துவிடுவது என்று இருந்தேன். கோப்புக் கோப்பாகத் திறந்தேன். பெரும்பாலும் கண்டறியாத குப்பை. ஒரு கோப்பில் மட்டும் வாசிக்கக்கூடிய ஆங்கிலச் சொற்கள் வரிசையாக வந்தன. கராஜில் விற்கிற சாமான்களின் பெயர்கள். முதலாம் எஞ்சின், இரண்டாம் எஞ்சின், மூன்றாம் எஞ்சின், நாலாம் எஞ்சின்.

நாலாம் எஞ்சினா? கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பவும் வாசித்தேன். இருந்தது. அதற்குக் கீழே, கராஜில் நான் கண்ணால் காணாத பாரம் குறைந்த கதவு ஒன்று, காரின் பின்பக்கத்துக்கு ஒரு செட்டை. விளையாட்டைச் செய்தவர்கள் இவற்றையும் செய்து வைத்துவிட்டு, கடையில் போடாமல் உள்ளே ஒளித்துவிட்டிருந்தார்கள்.

அதை எடுப்பது எப்படி? கடையில் இல்லாத சாமானை வாங்க முடியாது. நான் ஓடிய ஆட்டம் வேறொரு கோப்பில் சேமிக்கப்பட்டிருந்தது. முதலாம் எஞ்சினைப் போட்டு அந்தக் கோப்பைப் பார்த்தேன். இரண்டாம் எஞ்சினைப் போட்டுப் பார்த்தேன். பிறகு மூன்றாவது. ஒரே ஓர் இடத்தில் ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியது. அந்த இடத்தில் நான் என் கையால் நாலு என்று எழுதினேன். விளையாட்டைத் திறந்து கராஜுக்குள் போனேன். எஞ்சின் இருக்கும் இடத்தில் படம் இல்லை. வெறும் சாம்பல் நிறச் சதுரம். அதற்குக் கீழே பெயர் மட்டும் தெளிவாக இருந்தது.

“ஐயோ அம்மா!” என்று கத்தினேன். அம்மா அகப்பையோடு ஓடிவந்தா. “என்னடி, கரண்ட் அடிச்சதோ?” “இல்லை, எஞ்சின் வந்திட்டுது!” அம்மா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. “விசர்ப் பெட்டை,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனா. அன்றைக்கு என் வெள்ளைக் கார் அந்தச் சிவப்புக் காரை வளைவிலேயே முந்தியது. முந்தி முடிந்து திரும்பிப் பார்த்தால் சிவப்புக் காரைக் காணவே இல்லை.

எங்களுக்கு வீட்டில் தொலைபேசி இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் காலி வீதியிலிருந்த ஒரு கொம்யூனிகேசனுக்கு அண்ணா எடுப்பான். கண்ணாடிக் கூண்டுகளுக்குள் தொலைபேசி வைத்து நடத்துகிற கடைதான் கொம்யூனிகேசன். கூண்டு எதற்கு என்று எனக்கு விளங்கியதே இல்லை. லண்டன் தூரம் என்று எல்லோரும் தொண்டை கிழியக் கத்துவார்கள். ஒரு வீட்டுக் கதை கடை முழுவதற்கும் கேட்கும். அப்பாவும் நானும் ஒரு கூண்டுக்குள் நெருக்கியடித்து நின்று, ஒரே றிசீவரில் ஆளுக்கொரு காதை வைத்துக் கதைப்போம்.

நாலாம் எஞ்சினைப் பற்றி அண்ணாவிடம் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“எடியே, அது வெட்டின சீடி. நான் இஞ்ச முதல் சம்பளத்தில ஒரிஜினல் வாங்கிட்டன். அதில நாலென்ன, நாப்பதும் இருக்கும்!”

“பாத்தனியா?”

“பாக்கத் தேவையில்லை. ஒரிஜினல் எண்டால் ஒரிஜினல்தான்.”

அப்பாவும் சிரித்தார். அதுதான் எனக்குச் சுட்டது. வீட்டுக்கு வந்து, கழுவின பாத்திரங்களையே திரும்ப எடுத்துக் கழுவினேன். கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக ஓடும். வெட்டுகிறவன் இடம் மிச்சம் பிடிக்கத்தான் வெட்டுகிறான். பாட்டும் படக்காட்சியும் இடம் பிடிக்கும், வெட்டுவான். ஒரு எஞ்சினின் படத்தை வெட்டி அவனுக்கு என்ன லாபம்? வெட்டியிருந்தால் கடையில் ஓர் இடமாவது காலியாக இருக்க வேண்டாமா? கராஜில் எஞ்சினுக்கு மூன்று இடம்தான் இருந்தது. ஆகவே ஒரிஜினலிலும் மூன்றுதான் இருக்க வேண்டும். எனக்கு அது அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்து என்ன? என் கையில் ஒரிஜினல் இல்லை, மாஸ்டர் வருகிற திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சம் இருந்தது. அன்றைக்கும் அண்ணா சிரித்தான் என்றால் பெட்டி தெஹிவளைக்குப் போய்விடும்.

அந்த ஞாயிறு அண்ணாவின் குரலில் சிரிப்பு இல்லை.

“இஞ்ச மூண்டுதான் இருக்கு,” என்றான். “அந்தச் சிவப்புக் கார் போட்டியைத் தவிர எல்லாம் வெண்டு பாத்தன். நீ புழுகுறாய்.”

“நான் புழுகேல்லை. கொம்பியூட்டர் பக்கத்தில இருக்கோ?”

“ஓம், இருக்கு.”

கோப்பின் பெயரைச் சொன்னேன். நோட்பாடில் திறக்கச் சொன்னேன். குப்பை குப்பையாய் வருகிறது என்றான். வரட்டும், எஞ்சின் என்ற சொல்லைத் தேடு என்றேன். அப்பா காதை றிசீவரோடு இன்னும் அழுத்தினார். பக்கத்துக் கூண்டுக்காரர்கூடக் கதையை நிறுத்திவிட்டார் போல இருந்தது.

“கிடக்குதடி,” என்றான் அண்ணா. குரல் இறங்கிப்போயிருந்தது. “நாலாம் எஞ்சின் எண்டு கிடக்கு. கதவும் கிடக்கு.” பிறகு அங்கே யாரையோ கூப்பிட்டான். “மச்சான், இஞ்ச ஓடி வந்து பார். நாங்கள் ஒருத்தரும் காணேல்லை. என்ர தங்கச்சி வெள்ளவத்தையில இருந்து கண்டுபிடிச்சிருக்கிறாள்!”

அவன் கத்தியது றிசீவரைத் தாண்டி, கூண்டைத் தாண்டி, காசாளர் மேசை வரைக்கும் கேட்டது. பெருமையில் எனக்குக் காது இரண்டும் சுட்டன. முழுசு லண்டனில், மிச்சம் எங்களுக்கு என்று நினைத்திருந்தோமே! லண்டனில் பளபளக்கிற ஒரிஜினலை வைத்திருந்தவர்களின் கண்ணில் படாத எஞ்சின், புறக்கோட்டை நடைபாதைச் சீடியில், என் காரில் ஓடிக்கொண்டிருந்தது.

“எப்பிடிச் செய்தனி? எனக்கும் சொல்லித் தா,” என்றான் அண்ணா.

“சொல்லித் தாறன். முதல்ல அப்பாவிட்ட ஒண்டு சொல்லு.”

“என்ன?”

“உனக்குத் தெரியும் என்னெண்டு.”

பிறகு அவன் சொன்னான்: “அப்பா, கேக்குதோ? அதை விக்காதேங்கோ. அவளிட்டையே இருக்கட்டும்.”

அப்பா “பாப்பம்” என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. பாப்பமாம், பாப்பம்! இருந்தாலும் வாக்குக் கொடுத்தேனே என்று அண்ணாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டு றிசீவரை வைத்தேன்.

வரும் வழியில் அப்பா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். பெட்டியைப் பற்றிக் கேட்டால் அழுதுவிடுவேன் என்று நான் கேட்கவில்லை. பொழுது படும் நேரம். ஒழுங்கை முகப்பில் வழக்கம் போல மறித்தார்கள். அடையாள அட்டையை நீட்டினோம். ஆமிக்காரன் அப்பாவின் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“மே கவுத?” இது யார் என்று சிங்களத்தில் கேட்டான்.

“மகே துவ,” என்றார் அப்பா. என் மகள். கேட்டதற்கு மறுமொழி முடிந்தது. ஆமிக்காரன் அட்டைகளைத் திருப்பி நீட்டினான். அப்பா கையை நீட்டவில்லை.

“மகே துவ கொம்பியூட்டர் ஹரி ஹொந்தட்ட தன்னவா,” என்றார் அப்பா. என் மகளுக்குக் கொம்பியூட்டர் மிக நன்றாகத் தெரியும். தெரிந்த கொஞ்சச் சிங்களத்தையும் கூட்டிப் பிடித்து, லண்டனில் இருக்கிறவர்களும் இவளிடம்தான் கேட்கிறார்கள் என்றும் சொன்னார். ஆமிக்காரன் அட்டைகளை அப்பாவின் கையில் திணித்தான். “ஹா, ஹரி, ஹரி. யன்ன,” என்று போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

ஒழுங்கைக்குள் இறங்கிய பிறகுதான் கேட்டேன்.

“அப்பா, அவன் அதைக் கேக்கேல்லையே. ஏன் சொன்னனீங்கள்?”

“அவன் கேக்கேல்லைத்தான்,” என்றார். எங்கள் கட்டடத்தின் வாசல் வரைக்கும் நடந்தார். படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார். “நாளைக்கு மாஸ்டர் வருவார். கொம்பியூட்டர் விக்கிறதுக்கு இல்லை, மகள் படிக்கப்போறாள் எண்டு நீயே சொல்லு. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு, என்ன? கூட ஒண்டும் கதையாதை.”

மாஸ்டரிடம் நான் கூடத்தான் கதைத்தேன்.