பக்கத்தை முந்திய வாய்

பள்ளியில் அவரை எல்லோரும் ‘ஓசை டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மழலையர் வகுப்பின் கதவைத் திறந்தால் முதலில் கேட்பது உதடுகள் மோதும் சத்தம். வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள் “ப், ப், ப்” என்று மீன்களைப் போல வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். எழுத்து பலகைக்கு வருவது அதற்குப் பிறகுதான். முதலில் ஓசையைப் பிடி, எழுத்து தானாக மாட்டும் என்பது டீச்சரின் கட்சி.

மேசை ஓரத்தில் ஓர் அட்டைப் பெட்டி. அதில் உள்ளங்கை அகலப் புத்தகங்கள். அவரே எழுதி, நகலெடுத்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்தவை. பக்கத்துக்கு இரண்டே வரி, இரண்டும் ஒரே ஓசையில் முடியும்.

*எட்டிப் பார்க்குது பூனை*
*முட்டித் தள்ளுது பானை*

பூனையைப் படித்துவிட்ட பிள்ளைக்குப் பானையில் பாதி வேலை மிச்சம். படம் அந்தப் பக்கத்தின் பின்னால் இருக்கும். முன்னால் வைத்தால் பிள்ளை படத்தைப் பார்த்தே பூனை என்று சொல்லிவிட்டுப் போய்விடும். எழுத்தைச் சீண்டாது. படித்தால் திருப்பலாம், திருப்பினால் பூனை கிடைக்கும்.

இன்னொரு விதி இதைவிடக் கறார். புதுப் புத்தகத்தை யாரும் பிள்ளைக்கு முன்கூட்டி வாசித்துக் காட்டக் கூடாது. சந்தத்தை நாலு தடவை கேட்டால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கண்ணுக்கு என்ன வேலை?

இந்தக் கறாருக்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் டீச்சருக்கே படிக்கத் தெரியாது. பக்கத்துப் பெண் முணுமுணுப்பாள், இவர் அதை உரக்கச் சொல்வார். நல்ல ஞாபகசக்தி, நல்ல குரல். வகுப்பிலேயே கெட்டிக்காரி என்று பெயர். ஒரு நாள் பக்கத்துப் பெண் வரவில்லை. புத்தகத்தைப் பிடித்தபடி வாயைத் திறந்து வெறும் காற்றை விட்டுக்கொண்டு நின்றார். வகுப்பு சிரித்த சிரிப்பு இன்னும் அவர் காதில் இருக்கிறது. இந்தக் கதையை அவர் சொன்னது ஒரே ஒரு ஆளிடம்தான், தன் தங்கையிடம்.

அந்தத் தங்கைக்கு அதே வகுப்பில் உதவியாளர் வேலை வாங்கித் தந்ததும் அவர்தான். பகலில் மூக்குத் துடைப்பது, செருப்பு மாட்டுவது. மாலையில் பள்ளி வேனில் பிள்ளைகளோடு போய் வீட்டு வாசல்களில் இறக்கிவிடுவது. தங்கையின் மகளும் அதே வகுப்பு. வாய் ஓயாததால் ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர்.

ஆண்டுத் தொடக்கத்திலேயே தலைமை ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். “வருஷக் கடைசில பெற்றோர் முன்னாடி பிள்ளைங்க படிச்சுக் காட்டணும். இல்லேன்னா உங்க பெட்டியைக் கட்டி வச்சிட்டுப் பழையபடி பாடப்புத்தகம்தான்.”

முதல் சில மாதங்கள் படிப்பு நகரவே இல்லை. டீச்சர் வீட்டுக்கு வந்தும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் திடீரென்று ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்துக்கொண்டது. முதலில் ரேடியோ, அடுத்து அவள் தோழிகள், பிறகு பாதி வகுப்பு. “பெரியம்மா, நான் படிச்சிட்டேன்!” என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்ட அன்று டீச்சர் தங்கையைப் பார்த்துக் கண் கலங்கினார். தங்கை செருப்பு அடுக்கப் போய்விட்டாள்.

பெற்றோர் நாளுக்கு முந்தைய வாரம் ரேடியோவை மடியில் உட்கார வைத்து யானைப் புத்தகத்தைக் கொடுத்தார் டீச்சர். அவள் கணீரென்று படித்தாள். பக்கத்தைத் திருப்ப விரலை வைத்தாள், தாள் ஒட்டிக்கொண்டது. விரல் தடவிக்கொண்டே இருக்க, வாய் மட்டும் நிற்காமல் அடுத்த பக்கத்தைச் சொல்லி முடித்துவிட்டது.

டீச்சர் புத்தகத்தை மெல்ல மூடினார். “மிச்சத்தையும் சொல்லு கண்ணு.”

மூடிய அட்டையைப் பார்த்துக்கொண்டே கடைசி வரி வரைக்கும் சொன்னாள் ரேடியோ.

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“அது சொல்லக் கூடாது பெரியம்மா. ரகசியம்.”

ரகசியத்தை உடைத்தவர் வேன் ஓட்டுநர். டீச்சர் போய் நின்றதும் அவர் முகமெல்லாம் பல். “என்னாங்க டீச்சர், அடுத்த புத்தகம் எப்போ? எனக்கே பூனை, யானை எல்லாம் மனப்பாடம். சிக்னல்ல நிக்கும்போது தங்கச்சி ஆரம்பிச்சாங்கன்னா மொத்த வண்டியும் அதிரும். வீட்லயும் நான் அதே பாட்டுதான், என் சம்சாரம் கரண்டியைத் தூக்கிட்டா!”

டீச்சரும் சிரித்து வைத்தார். ஓட்டுநர் பாவம், நல்ல செய்தி சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை காலி வகுப்பறையில் குட்டி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த தங்கையிடம் கேட்டார்.

“எவ்வளவு நாளா நடக்குது?”

தங்கை எதை என்று கேட்கவில்லை. “முதல்ல இவளுக்கு மட்டும்தான்க்கா. ஒரு எழுத்துகூட ஏறல. டீச்சரோட தங்கச்சி பொண்ணே மக்குன்னு பேசுவாங்களோன்னு பயம். அப்புறம் மத்ததுங்களும் கூடப் பாட ஆரம்பிச்சிடுச்சு.”

“என்கிட்ட சொல்லிருக்கலாம்ல?”

“நீ தினமும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்தே. அதுங்க படிக்க ஆரம்பிச்சப்புறம்தான் சிரிச்சே. அதை நான் எப்படிக் கெடுப்பேன்?”

“படிக்கலடி. ஒப்பிக்குதுங்க. என் கதை உனக்குத் தெரியும். தெரிஞ்சும் அதையே இத்தனை பிள்ளைங்களுக்கும் பண்ணிருக்கே.”

“உனக்குப் பிள்ளைங்க முக்கியமா, உன் முறை முக்கியமா? எல்லாரும் சந்தோஷமாத்தானே இருக்காங்க!” என்ற தங்கை, நாற்காலியைத் தொப்பென்று வைத்துவிட்டு வேனுக்குப் போய்விட்டாள்.

தலைமை ஆசிரியையிடம் சொன்னால் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “வாயில வருதா? வருதுல்ல? அப்போ விடுங்க. நல்ல நேரத்துல போய் நீங்களே குழப்பாதீங்க.”

டீச்சர் விடவில்லை. வேனுக்குப் போகாத ஒரு புத்தகத்தை எழுதினார். இதைப் பெற்றோர் நாளுக்கு முன்பே பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று அவருக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

பெற்றோர் நாள். கூடம் நிறைய ஆட்கள், தூக்கிப் பிடித்த கைப்பேசிகள். டீச்சர் புதுப் புத்தகத்தை ரேடியோ கையில் கொடுத்தார்.

*தெருவில் நிக்குது வண்டி*
*அதன் சக்கரம் ஒண்ணு நொண்டி*

ரேடியோ தாளைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள். சுவரோரம் நின்ற தங்கையின் உதடுகள் தானாக அசைந்தன, ஆனால் அவளுக்கும் இந்தப் பாட்டு தெரியாதே. குழந்தை வாயைத் திறந்து வெறும் காற்றை விட்டாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு டீச்சருக்குப் பழக்கமானது. குனிந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு பூனைப் புத்தகத்தை அவள் கையில் வைத்தவர் அவரேதான்.

ரேடியோ பாடினாள். வேன் முழுக்கச் சேர்ந்து பாடியது. ஓட்டுநர்கூடக் கதவருகே நின்று உதடசைத்தார். கைதட்டல் அடங்கியதும் தலைமை ஆசிரியை மேடையேறி, அடுத்த ஆண்டு எல்லா வகுப்புகளிலும் இந்தப் புத்தகங்கள் உண்டு என்றார். “இவ்வளவு அழகாப் பாட வச்ச” தங்கை மற்ற ஆசிரியர்களுக்கும் சொல்லித் தருவார் என்றும் சேர்த்துக்கொண்டார். தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா கை தட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது அதே வகுப்பில் புதுப் பிள்ளைகள். அதே “ப், ப், ப்”. ரேடியோ மேல் வகுப்புக்குப் போய்விட்டாள். பெரியம்மாவின் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு விளையாட ஓடிவிடுகிறாள். புத்தகத்தைக் கண்டால் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்கிறாள்.

அட்டைப் பெட்டி மேசை மேல் இல்லை. இரும்பு அலமாரிக்குள் போய்விட்டது. ஒரு மாலை தங்கை அலமாரி முன் வந்து நின்றாள்.

“அக்கா, சாவி? பூட்டிட்டுப் போறேன்.”

“பூட்டியாச்சு” என்றார் டீச்சர். “சாவி என்கிட்டயே இருக்கட்டும். நீ கிளம்பு, வேன் காத்திட்டிருக்கு.”